மென்மையான கைச்சுருட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரம் குறைந்த, கையால் சுருட்டிய உயர்தரச் சுருட்டைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். ஏற்கெனவே சுருட்டுப் பிடிக்கும் வயது வந்தவர்களுக்காக எழுதியது இது. புதிதாக யாரையும் இந்தப் பழக்கத்துக்குள் அழைக்கவில்லை. உடல்நலம் பற்றிய கேள்விக்கும் பூசி மெழுகாமல் பதில் சொல்லியிருக்கிறேன்.

சுருட்டு என்றாலே காரம்தானே? அதில் மென்மையான சுருட்டு என்று ஒன்று எப்படி இருக்க முடியும்?

மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். காரம் என்பது நிகோடினின் வேகம். தலையிலும் வயிற்றிலும் தெரிவது. கனம் என்பது புகை வாயில் எவ்வளவு அடர்த்தியாக நிற்கிறது என்பது. மூன்றாவது, சுவையும் மணமும். இந்த மூன்றும் சேர்ந்தே ஏற வேண்டும், சேர்ந்தே இறங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காரம் மிகக் குறைந்து, கனம் நடுத்தரமாக, மணம் நிறைந்து ஒரு சுருட்டு இருக்கலாம். நல்ல மென்மையான சுருட்டு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

பெட்டியிலும் விலைப்பட்டியலிலும் வரும் மைல்ட், மீடியம், ஃபுல் என்ற குறிப்புகள் அந்தந்த நிறுவனமோ விற்பவரோ தாமே இடுபவை. எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவரின் மைல்ட் இன்னொருவரின் மீடியமாக இருக்கலாம்.

மென்மை என்றால் சுவை இல்லாதது என்றுதானே பொருள்? பழகியவர்கள் அதை மதிப்பதில்லையே.

இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடே இல்லை. காரமான சுருட்டில் மிளகுக் காட்டம் முன்னால் வந்து நின்றுகொள்ளும். பின்னால் உள்ள சிறு குறைகள் அதில் மறைந்துவிடும். மென்மையான சுருட்டில் அப்படி எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. சரியாக நொதிக்காத இலை இருந்தால் அமோனியா நெடி முதல் இழுப்பிலேயே தெரிந்துவிடும். சுருட்டியவரின் கை ஓரிடத்தில் இறுகியிருந்தால் அதுவும் தெரியும். அதனால் நல்ல மென்மையான சுருட்டைச் செய்வதைக் கடினமான வேலையாகவே நான் கருதுகிறேன்.

அதில் கிடைப்பவை காய்ந்த வைக்கோல், மரச்சீவல், பாதாம் தோல், பாலேடு, வறுத்த ரொட்டி போன்ற சாயல்கள். கடைசியில் லேசாக வெள்ளை மிளகு. எல்லாமே தாழ்ந்த குரலில் பேசுபவை. கங்கு சூடேறினால் முதலில் அழிவதும் இவைதான். இந்தப் பக்கத்தில் உள்ள பாதி பதில்கள் சூட்டைத்தான் சுற்றி வரும்.

கையால் சுருட்டியதில் அப்படி என்ன சிறப்பு? இயந்திரமும்தானே சுருட்டுகிறது?

கைச்சுருட்டுக்கு மூன்று அடுக்கு உண்டு. நடுவில் உள் இலைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டு இலை, வெளியே தெரியும் மேல் இலை. உயர்தரச் சுருட்டில் உள் இலைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீளமாக ஓடும். இயந்திரத்தில் வருபவற்றில் பெரும்பாலும் நறுக்கிய துண்டு இலைகள்தான். துண்டு இலை வேகமாக எரியும், சூடாக எரியும், தூள் வாயில் வரும். முந்தைய பதிலில் சொன்ன சாயல்கள் அந்தச் சூட்டில் நிற்காது.

சுருட்டுபவர் உள் இலைகளை ஒவ்வொன்றாகக் கையில் மடித்து அடுக்குவார். இலைக்கும் இலைக்கும் நடுவே காற்று போக வழி இருக்க வேண்டும். ஓரிடத்தில் முறுகினால் இழுப்பு அடைத்துவிடும். கட்டு இலையைச் சுற்றியதும் அச்சில் வைத்து அழுத்துவார்கள். நடுவில் ஒருமுறை திருப்பி வைத்தால்தான் அச்சின் விளிம்புத் தடம் விழாது. பிறகு மேல் இலை. நடு நரம்பை உருவினால் ஓர் இலை இரண்டு பாதிகளாகும். நரம்பு புடைத்த பக்கம் உள்ளே போக வேண்டும் என்பதால், இடது பாதியை ஒரு திசையிலும் வலது பாதியை எதிர்த்திசையிலும் சுற்றுவார்கள். பற்றவைக்கும் முனையில் தொடங்கி வாய் முனையில் முடித்து, சிறு வட்ட இலையைத் தாவரப் பசையால் ஒட்டினால் அதுதான் தொப்பி. வளைந்த விளிம்புள்ள ஒரு தட்டைக் கத்தி, ஒரு பலகை, கொஞ்சம் பசை, கருவிகள் இவ்வளவே.

கியூபாவின் சுருட்டுத் தொழிற்கூடங்களில் வேலை நேரத்தில் ஒருவர் உயரமான இருக்கையில் அமர்ந்து நாளிதழும் கதையும் வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள். 1865-இல் தொடங்கிய வழக்கம் இது. காது வாசிப்பில் இருக்க, கை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

மென்மை எங்கிருந்து வருகிறது? விதையிலா, இலையிலா, பாடம் செய்வதிலா?

எல்லாவற்றிலும் கொஞ்சம். முதலில், செடியில் இலை இருக்கும் இடம். உச்சியில் வெயிலை முழுதாக வாங்கும் இலை தடித்தது, எண்ணெய்ப் பசை மிகுந்தது, காரமானது. இதை லிகெரோ என்பார்கள். நடுவில் உள்ள செக்கோ மணம் தரும். கீழே உள்ள வொலாடோ காரம் குறைந்தது, நன்றாகப் பற்றி எரியும். மென்மையான கலவையில் செக்கோவும் வொலாடோவும் மிகுந்திருக்கும். லிகெரோ சிறிதளவு இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. லிகெரோ மெதுவாக எரிவதால் அதைச் சேர்க்கும்போது நட்டநடுவில் வைப்பது வழக்கம்.

அடுத்தது நிழல். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1900 வாக்கில் வயல் முழுவதும் மெல்லிய துணிப்பந்தல் போட்டுப் புகையிலை வளர்க்கத் தொடங்கினார்கள். அப்போது சந்தையை நிறைத்துக்கொண்டிருந்த சுமத்ரா மேல் இலைக்குப் போட்டியாக, சுமத்ராவின் மேகமூட்டத்தையும் ஈரக்காற்றையும் துணியால் உருவாக்கும் முயற்சி அது. நிழலில் வளர்ந்த இலை மெல்லியது, நரம்பு தடிக்காதது, வெளிர்ப் பழுப்பு நிறமானது. இன்று அதே வகை ஈக்வடாரிலும் விளைகிறது. அங்கே பந்தலின் வேலையை மேகமே செய்துவிடுகிறது. மென்மையான சுருட்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைத்தான் போர்த்தியிருக்கும். உள் இலைக்கு டொமினிக்கன் குடியரசின் சிபாவோ பள்ளத்தாக்குப் புகையிலை பெயர் பெற்றது.

மூன்றாவது, பொறுமை. பறித்த இலை கொட்டகையில் தொங்கி, ஏறக்குறைய 6 முதல் 8 வாரங்களில் பச்சை போய் மஞ்சளாகி, பழுப்பாகிக் காயும். பிறகு ஆளுயரக் குவியல்களாக அடுக்கினால் இலை தன் ஈரத்திலேயே சூடேறி நொதிக்கும். குவியலுக்குள் சொருகிய வெப்பமானியைப் பார்த்து, அளவு மீறுவதற்குள் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவார்கள். அமோனியா வெளியேறுவதும் முரட்டுத்தனம் அடங்குவதும் இங்கேதான். இதில் அவசரப்பட்டால் எந்த விதையாலும் எந்த நிழலாலும் அதை ஈடுகட்ட முடியாது.

வெளிர்ந்திருந்தால் மென்மை, கறுத்திருந்தால் காரம். இப்படி நிறத்தைப் பார்த்து வாங்கலாமா?

கூடாது. நிறம் மேல் இலையைப் பற்றி மட்டுமே சொல்லும். காரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது உள் இலை. மதுரோ எனப்படும் கருத்த மேல் இலை, நீண்ட நேரம் கூடுதல் வெப்பத்தில் நொதித்ததால் கறுத்தது. பல மதுரோக்களில் காரத்தைவிட இனிப்பே தூக்கலாக இருக்கும். வெளிர்ந்த மேல் இலைக்குள் லிகெரோ நிறைய வைத்த சுருட்டுகளும் சந்தையில் உண்டு.

முதலில் எந்த அளவு எடுப்பது? தடியானது காரமாக இருக்குமா?

தடிமனை ரிங் கேஜ் என்ற கணக்கில் சொல்வார்கள். ஓர் அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கு ஓர் அலகு. 50 என்றால் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் விட்டம். தடிமனுக்கும் காரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தடித்தது குளிர்ச்சியாக எரியும், உள் இலைக் கலவை அதிகம் பேசும். மெலிந்ததில் மேல் இலையின் பங்கு கூடும். ஆனால் வேகமாக இழுத்தால் சீக்கிரம் சூடேறிவிடும்.

தொடங்க ஏற்றது ரொபஸ்டோ: 5 அங்குல நீளம், 50 ரிங். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரும். இழுக்கும் வேகம் கைவந்த பிறகு கொரோனாவுக்கு வாருங்கள்: ஐந்தரை அங்குலம், 42 ரிங். கனெக்டிகட் மேல் இலையின் அருமை கொரோனாவில்தான் நன்றாகப் புரியும் என்பது என் கருத்து. 7 அங்குலச் சர்ச்சிலை அவசரம் இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மேல் இலை வெடிப்பில்லாமல், லேசான எண்ணெய் மினுமினுப்போடு இருக்க வேண்டும். நரம்புகள் மெலிந்திருந்தால் நல்லது. இரு விரலால் மிக லேசாகத் தொட்டபடி நீளவாக்கில் நகர்த்துங்கள். ஓரிடத்தில் கல் போல இறுகி, பக்கத்தில் பொதபொதவென்று இருந்தால் உள் இலை சீராக விழவில்லை. மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. பணம் கொடுக்காத சுருட்டை மூக்கில் ஒட்டி முகர்வதும் அழுத்திப் பிழிவதும் வேண்டாம். அடுத்தவர் வாயில் வைக்கப்போகும் பொருள்.

எவ்வளவு வெட்டுவது? ஒவ்வொரு முறையும் மேல் இலை பிரிந்துகொண்டு வருகிறது.

அதிகமாக வெட்டுகிறீர்கள். வாய் முனையை வெளிச்சத்தில் பார்த்தால் தொப்பி ஒட்டிய இடத்தில் மெல்லிய கோடு தெரியும். வெட்டு அந்தக் கோட்டுக்கு மேலேயே, வளைவு முடிந்து உடல் நேராகும் இடத்துக்கு முன்பே விழ வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் போதும். கோட்டைத் தாண்டினால் மேல் இலையைப் பிடித்து வைக்க எதுவும் இருக்காது.

கத்தி மழுங்கியிருந்தால் வெட்டாது, நசுக்கும். இரட்டைக் கத்தி கட்டரை ஒரே மூச்சில், தயங்காமல் மூடுங்கள். துளையிடும் பஞ்ச் வகையையும் பயன்படுத்தலாம். ஆனால் சிறு துளை வழியே புகை குவிந்து நாக்கில் ஒரே இடத்தில் விழும் என்பதால் மென்மையான சுருட்டுக்கு நேர் வெட்டையே நான் விரும்புகிறேன். வெட்டியதும் பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று சிறு தடையோடு வர வேண்டும். அந்த வெறும் இழுப்பிலேயே வைக்கோலும் மரமும் தெரியத் தொடங்கிவிடும்.

பற்றவைக்க எந்த நெருப்பு நல்லது? சாதாரணத் தீக்குச்சி போதாதா?

போதும், நீளமான மரக்குச்சியாக இருந்தால் இன்னும் நல்லது. தலையில் உள்ள மருந்து முழுதாக எரிந்து முடிந்த பிறகு பக்கத்தில் கொண்டுவாருங்கள். பியூட்டேன் லைட்டருக்கு வாடை கிடையாது. பெட்ரோல் திரவ லைட்டரும் மெழுகுவத்தியும் வேண்டாம். காரமான சுருட்டு தாங்கினாலும் மென்மையானது அந்த வாடையைக் கடைசிவரை சுமக்கும்.

சுடரின் நுனி சுருட்டைத் தொடக்கூடாது. முனையைச் சுடருக்குச் சற்று மேலே சாய்த்துப் பிடித்து, விரல்களுக்குள் மெல்லச் சுழற்றுங்கள். முதலில் விளிம்பு கறுக்கும், பிறகு கறுப்பு நடுவை நோக்கி நகரும், மெல்லிய புகை எழும். அதன்பிறகுதான் வாயில் வைத்து, சுழற்றியபடியே இரண்டு மூன்று லேசான இழுப்பு. முடிந்ததும் முனையைத் திருப்பி மெதுவாக ஊதிப் பாருங்கள். கங்கு முழு வட்டமாகச் சிவந்தால் சரி. ஒரு பக்கம் கறுப்பாகவே இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சூடு காட்டுங்கள்.

புகையை உள்ளே இழுக்கவில்லை என்றால் அதில் என்ன ரசனை?

ரசனை வாயிலும் மூக்கிலும்தான் இருக்கிறது, நுரையீரலில் சுவை அறியும் உறுப்பு எதுவும் இல்லை. சுருட்டுப் புகை வேதியியல் பொருளில் காரத்தன்மை கொண்டது; சிகரெட் புகையோ சற்று அமிலத்தன்மை உடையது. அதனால் சுருட்டின் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் இறங்கிவிடும். உள்ளே இழுத்தால் கிடைப்பது இருமலும் கேடும் மட்டுமே.

நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு மணம். வாயில் புகையை நிறுத்தி, பெரும்பகுதியை வெளியே விட்டுவிட்டு, மிச்சம் உள்ள சிறு அளவை மூக்கு வழியாக மெல்ல வெளியேற்றிப் பாருங்கள். மூச்சை உள்ளிழுக்கக்கூடாது, வெளியே விடும் மூச்சோடு அது போக வேண்டும். காரமான சுருட்டில் இதைச் செய்தால் கண்ணில் நீர் வரும். மென்மையானதில் எரிச்சல் அதிகம் இராது. பாதாமும் மரமும் அப்போதுதான் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். ஒரு சுருட்டுக்கு நான்கைந்து முறை போதும்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இழுக்க வேண்டும்?

ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை. கங்கு உயிரோடு இருக்கப் போதுமான அளவு மட்டும் இழுங்கள். மேல் இலையைப் பிடித்திருக்கும் விரல்களில் சூடு உறைத்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். இரண்டு நிமிடம் தட்டில் விட்டுவிடுங்கள். மெதுவாகப் பிடித்து ஒருமுறை அணைந்துபோவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அணைந்தால் சாம்பலைத் தட்டி, சுருட்டின் வழியே ஒருமுறை வெளிப்பக்கமாக ஊதி, உள்ளே தேங்கிய பழைய புகையை வெளியேற்றிவிட்டுத் திரும்பப் பற்றவைக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் செய்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. மறுநாள் செய்தால் பழைய சாம்பல் வாடைதான் மிஞ்சும்.

பாதிவரை அருமையாக இருக்கிறது, அதன்பின் கசக்கத் தொடங்குகிறது. சுருட்டே மோசமா?

பெரும்பாலும் இல்லை. சுருட்டு குறையக் குறைய கங்கு வாய்க்கு நெருங்கி வருகிறது. புகை ஆறுவதற்கான தூரம் குறைகிறது. முன்பாதி முழுவதும் வடிந்த ஈரமும் தாரும் பின்பாதி இலையில்தான் படிந்திருக்கின்றன. அதே வேகத்தில் இழுத்தால் இரண்டும் சேர்ந்து கசக்கும். பாதி தாண்டியதும் இடைவெளியை இன்னும் நீட்டுங்கள். ஒருமுறை வெளிப்பக்கமாக ஊதிப் பாருங்கள். அதன் பிறகும் கசந்தால் அத்துடன் வைத்துவிடுங்கள். கடைசி அங்குலம்வரை பிடித்துத்தான் ஆக வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை. மென்மையான சுருட்டு தன் நல்லதை அதற்கு முன்பே சொல்லி முடித்துவிடும்.

முதல் இழுப்பிலேயே கசந்தால் காரணம் வேறு: ஈரம் மிகுந்த சுருட்டு, அல்லது பற்றவைத்தபோது சுடரில் கருகிய முனை.

ஒரு பக்கம் வேகமாக எரிகிறது, மறுபக்கம் நிற்கிறது. என்ன செய்வது?

மெதுவாக எரியும் பக்கத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்து, சில நிமிடம் பொறுங்கள். சிறு கோணல் தானே சரியாகும். ஆகாவிட்டால் பின்தங்கிய விளிம்பை மட்டும் சுடரால் லேசாகத் தொட்டுவிடலாம். காற்று வீசும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் முதலில் இடத்தை மாற்றுங்கள். நடு மட்டும் குழிந்து உள்ளே எரிந்துகொண்டே போனால் உள் இலை அடுக்கியதில் கோளாறு. அதற்கு மருந்து இல்லை.

சாம்பலைத் தட்டலாமா? வெள்ளைச் சாம்பல்தான் தரத்துக்கு அடையாளம் என்கிறார்களே?

இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளரவிட்டு, தட்டின் விளிம்பில் லேசாகச் சாய்த்தால் தானே விழும். சிகரெட்டைத் தட்டுவது போலத் தட்டிக்கொண்டே இருந்தால் கங்கு வெறுமையாகி வேகமாக எரியும். சாம்பல் திடமாக நிற்பது நீள இலைக்கும் நல்ல கைக்கும் அடையாளம். நிறம் வேறு கதை. அது மண்ணில் உள்ள தாதுக்களைப் பொறுத்தது. மெக்னீசியம் கூடினால் வெளுப்பு கூடும். சாம்பல் நிறச் சாம்பல் தரும் மிக நல்ல சுருட்டுகள் ஏராளம்.

காகிதப் பட்டையை எப்போது கழற்ற வேண்டும்?

உங்கள் விருப்பம். கழற்றுவதென்றால் மூன்றில் ஒரு பங்கு எரிந்த பிறகு; சூட்டில் பசை இளகி, மேல் இலை கிழியாமல் வரும்.

பாதாம், க்ரீம், தேவதாரு என்று என்னென்னவோ எழுதுகிறார்கள். எனக்குப் புகை மட்டும்தான் தெரிகிறது.

யாரும் சுருட்டில் பாதாம் சேர்ப்பதில்லை. உங்கள் நினைவில் உள்ள மணங்களில் எது இதற்குப் பக்கத்தில் வருகிறது என்பதற்கான அடையாளச் சொற்களே அவை. மற்றவர் எழுதியதைத் தேடாமல் பெரிய கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். இனிப்பா, கசப்பா, உவர்ப்பா? வாய் ஈரமாகிறதா, உலர்கிறதா? நாக்கின் எந்த இடம்? இந்தப் பதில்களே போதிய தகவல். குறிப்பான பெயர்கள் பிறகு தாமாக வரும்.

சுருட்டை மூன்று பகுதிகளாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். மென்மையான சுருட்டில் மாற்றங்கள் சிறியவை: தொடக்கத்தில் வைக்கோல், நடுவில் பாலேட்டு வழவழப்பு, பிற்பகுதியில் மரமும் மிளகும் என்று நகரலாம். ஒரே சுருட்டை வெவ்வேறு நாள்களில் பிடித்து, முந்தைய குறிப்பைப் பார்க்காமல் புதிதாக எழுதுங்கள். இரண்டிலும் திரும்ப வந்த சொல்லை நம்பலாம். மூக்கு வழியாக விடும் முறையை மேலே சொல்லியிருக்கிறேன். அது இல்லாமல் இந்தப் பயிற்சியில் பாதிதான் கிடைக்கும்.

கூடவே என்ன குடிக்கலாம்?

தண்ணீர். அதற்குப் பிறகு, சர்க்கரை குறைந்த பால் காபியோ இலேசான தேநீரோ. அழுத்தமான கறுப்புக் காபியும் மதுவும் மென்மையான சுருட்டை அமுக்கிவிடும்.

மென்மையான சுருட்டுதான் பிடித்தேன். ஆனாலும் தலை சுற்றி, வியர்த்துவிட்டது. ஏன்?

மென்மை என்றால் நிகோடின் இல்லை என்று பொருள் அல்ல. வெறும் வயிறு, வேகமான இழுப்பு, எச்சிலை விழுங்குவது, புகையை உள்ளே இழுப்பது. இவற்றில் ஒன்று போதும். அப்படி ஆனால் உடனே சுருட்டை வைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். தண்ணீரும் இனிப்பாக ஏதாவதும் உதவும். நெஞ்சு வலியோ வாந்தியோ நிற்காத படபடப்போ இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஹியூமிடார் வாங்கித்தான் ஆக வேண்டுமா? குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் போதாதா?

ஹியூமிடார் என்பது சுருட்டின் ஈரப்பதத்தைக் காக்கும் பெட்டி. குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி, மற்றப் பொருள்களின் வாடையை ஏற்றிவிடும். நாலைந்து சுருட்டுக்குக் காற்றுப் புகாத டப்பாவும், ஈரப்பதத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் சிறு பொட்டலமும் போதும். தேவை 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம், 18 முதல் 20 டிகிரி வெப்பம். மென்மையான சுருட்டுக்கு நான் 65-ஐ ஒட்டியே வைப்பேன். ஈரம் கூடினால் எரியச் சிரமப்படும், சிரமப்பட்டால் வேகமாக இழுப்போம், மறுபடி சூடு.

மரப்பெட்டி வாங்கினால் உட்புறம் பெரும்பாலும் ஸ்பானிஷ் சீடர் மரமாக இருக்கும். பெயரில் சீடர் இருந்தாலும் அது மகோகனி குடும்பத்து மரம். புதுப் பெட்டியின் மரம் ஈரத்தைக் குடித்து நிறைந்த பிறகே சுருட்டை உள்ளே வைக்க வேண்டும். ஈரப்பதமானியைச் சரிபார்க்க எளிய வழி உண்டு: ஒரு சிறு மூடியில் உப்பைப் போட்டு, சேறு பதத்துக்கு நனைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் அரை நாள் மூடி வையுங்கள். மானி 75 காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதுதான் அதன் பிழை.

மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பூஞ்சையா? இன்னொன்றில் குண்டூசித் துளை இருக்கிறது.

வெள்ளைப் படிவை முதிர்ச்சியின் அடையாளம் என்று கொண்டாடுபவர்கள் உண்டு. பூஞ்சை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு. பஞ்சு போல எழும்பியிருந்தாலோ, பச்சையாகவோ நீலமாகவோ இருந்தாலோ, பற்றவைக்கும் முனையின் இலை மடிப்புகளுக்குள் தெரிந்தாலோ எறிந்துவிடுங்கள். பெட்டியின் ஈரம் கூடிவிட்டது என்றும் அறியுங்கள்.

குண்டூசித் துளை புகையிலை வண்டின் வேலை. முட்டைகள் இலையிலேயே வந்திருக்கும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டிப் பல நாள் நின்றால் பொரித்துவிடும். துளை விழுந்ததை அப்புறப்படுத்தி, மற்றவற்றைப் பையில் இறுக மூடி, மூன்று நாள் உறைநிலைப் பெட்டியில் வைத்து, பிறகு ஒரு நாள் சாதாரணக் குளிரில் வைத்து, அதன்பிறகு அறைக்குக் கொண்டுவாருங்கள். சட்டென்று வெளியே எடுத்தால் மேல் இலை வெடிக்கும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம் என்று மேலே சொன்னது சேமிப்புக்கு, இது சிகிச்சை.

ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் இன்னும் மெருகேறுமா?

காரமானவை பல ஆண்டு வைத்தால் அடங்கி அழகாகும். மென்மையானதில் அடங்குவதற்கு அதிகம் இல்லை. சில மாதங்கள் ஓய்வு கொடுத்தால் கடைசி முரட்டுத்தனமும் போய்ச் சுவை இணக்கமாகும். மிக நீண்ட காலம் வைத்தால் மணமே மங்கிவிடும்.

உள்ளே இழுக்கவில்லை, அதுவும் மைல்ட். அப்படியானால் உடலுக்குக் கெடுதல் இல்லைதானே?

கெடுதல் உண்டு. மைல்ட் என்பது சுவையைப் பற்றிய சொல், நச்சைப் பற்றியது அல்ல. சுருட்டுப் புகை வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும். ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலைதான். பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 20 கிராம்வரை இருக்கலாம். உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோடின் இறங்கும் என்று முன்பே சொன்னேன். பழக்கமாகி அடிமைப்படுத்தும் வழியும் அதுதான்.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2022-இல் பிரீமியம் சுருட்டுகளைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டன. எண்ணிக்கை கூடக்கூட, ஆழமாக இழுக்க இழுக்க ஆபத்து கூடும் என்பது அதன் தெளிவான முடிவு. எப்போதாவது பிடிப்பவருக்கு ஆபத்து குறைவாக இருப்பது அவர் குறைவாகப் பிடிப்பதால்தான். கைச்சுருட்டு நல்லது என்பதால் அல்ல. கருவுற்றவர்கள், குழந்தைகள், இதய நோயாளிகள் இருக்கும் இடத்தில் பற்றவைக்காதீர்கள். மிச்சத் துண்டைக் குழந்தைக்கும் வளர்ப்பு விலங்குக்கும் எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். தின்றால் நிகோடின் நஞ்சாகும். நாள்தோறும் வேண்டும் என்ற நிலை வந்தால் அது ரசனையைத் தாண்டிவிட்டது. விட உதவும் மருத்துவரைப் பாருங்கள்.

ஒரே பெட்டியில் எடுத்த இரண்டு சுருட்டுகள் இரண்டு விதமாக இருந்தன. கலவை மாறிவிட்டதா?

கலவை அப்படியேதான் இருந்திருக்கும். ஆனால் உள் இலையைக் கை அடுக்கியது. ஒன்றில் லிகெரோ துண்டு நடுவிலும், மற்றொன்றில் சற்று ஓரமாகவும் விழுந்திருக்கலாம். ஒன்றின் இழுப்பு இறுக்கமாக இருந்தால் நீங்களும் அறியாமல் பலமாக இழுத்திருப்பீர்கள். அது சூடாக எரிந்து, காரம் கூடியதாகத் தோன்றியிருக்கும். பெட்டியின் அடித்தட்டில் இருந்தது ஈரம் மிகுந்தும், மேல்தட்டில் இருந்தது உலர்ந்தும் இருந்திருக்கலாம். அன்று நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு களைத்திருந்தீர்கள் என்பதும் இதில் சேரும்.

அதனால் ஒரே ஒரு சுருட்டை வைத்து எந்தக் கலவைக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். மூன்று வாங்கி, ஒரே ஈரப்பதத்தில் இரண்டு வாரம் வைத்து, ஒரே வேளையில், சாப்பிட்ட பிறகு, நாள் விட்டுப் பிடித்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் அந்தச் சுருட்டு. மூன்றும் மூன்று விதமாக இருந்தால் குறை சுருட்டியவர் பக்கம். அடுத்த பெட்டிக்கு வேறு பெயரைத் தேடுங்கள்.